சாவி கொடுக்கும் கைக்கடிகாரம்

சென்ற ஆண்டு தனிச் சீரிசை இயக்கம் பற்றிய பாடத்தை நடத்தியபோது, பழைய கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியைக் கழற்றி, வகுப்பில் மேசை மேசையாகக் கொண்டு சென்று காட்டினேன். உள்ளே ஒரு சிறு சக்கரம் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. மாணவர் ஒருவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இதில் பாட்டரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. விடை அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம்.

பாட்டரி இல்லை, காலையில் விரலால் முறுக்கிவிட்ட ஒரு சுருள்வில்தான் இதை ஓட்டுகிறது என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால் அது பாதி விடையே ஆகும். முறுக்கிய வில் ஒன்று எப்போதும் ஒரே அளவாக இழுப்பதில்லை. முறுக்கியவுடன் பலமாக இழுக்கும். தளரத் தளர இழுப்புக் குறையும். இவ்வாறு மணிக்கு மணி மாறிக்கொண்டே போகும் விசையைக் கொண்டு மாறாத காலத்தை அளப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதனுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை அறிந்தவர்களுக்குச் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் மீது ஏன் தனி ஈர்ப்பு உண்டாகிறது என்பதும் விளங்கும்.

சொல்லில் மிஞ்சிய சாவி

"வாட்சுக்குச் சாவி கொடுத்தாயா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டதை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். கைக்கடிகாரத்தில் சாவி ஏது? பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு திருகுதானே உண்டு?

ஒரு காலத்தில் உண்மையாகவே சாவி இருந்தது. சட்டைப்பையில் வைக்கும் கடிகாரங்களின் பின்புறத்திலோ முகப்பிலோ ஒரு துளை இருக்கும். அதில் தனிச் சாவி ஒன்றை நுழைத்து நாள்தோறும் முறுக்க வேண்டும். சாவி தொலைந்தால் கடிகாரம் நின்றுவிடும். துளை வழியே தூசியும் உள்ளே புகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்தவரும், பின்னாளில் படேக் பிலிப் நிறுவனத்தின் பங்காளியானவருமான அட்ரியன் பிலிப், திருகைக் கொண்டே முறுக்கும் அமைப்பை உருவாக்கி 1845இல் காப்புரிமை பெற்றார். நாளடைவில் சாவி மறைந்தது; சொல் மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது. அந்தச் 'சாவி' என்னும் சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்ததுதான்.

ஒரு முள் மட்டும் இருந்த காலம்

ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்கள் தொங்கும் எடையின் இழுப்பினால் ஓடின. எடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. எனவே 15ஆம் நூற்றாண்டில் எடைக்குப் பதிலாகச் சுருட்டிய எஃகு நாடாவைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1510ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பீட்டர் ஹென்லைன் என்னும் பூட்டுத் தொழிலாளி, உடலோடு எடுத்துச் செல்லத்தக்க சிறு கடிகாரங்களைச் செய்து புகழ் பெற்றார்.

ஆனால் அக்காலத்துக் கடிகாரங்கள் அணிகலன்களாகவே பெரிதும் பயன்பட்டன. நாளொன்றுக்குக் கால் மணி, அரை மணி நேரம் பிழைபட்டால் அதை யாரும் குறையாகக் கொள்ளவில்லை. அவற்றின் முகப்பில் மணி முள் ஒன்றுதான் இருந்தது. நிமிட முள்ளை வைத்து என்ன பயன்?

பிழைக்குக் காரணம் எளிது. அந்தக் கடிகாரத்தினுள்ளும் ஒரு சக்கரம் இங்கும் அங்கும் ஆடியது. ஆனால் அதை ஆட்டியது பற்சக்கரத்தின் தள்ளுதல் மட்டுமே. அந்தச் சக்கரத்திற்கெனச் சொந்தமான அலைவு நேரம் எதுவும் இல்லை. பலமாகத் தள்ளினால் விரைவாக ஆடும். மெல்லத் தள்ளினால் மெதுவாக ஆடும். ஆகவே காலையில் முறுக்கியவுடன் கடிகாரம் முந்தும், இரவில் பிந்தும்.

இதைச் சரிசெய்யக் கைவினைஞர்கள் கண்ட முதல் வழி, விசையையே சமப்படுத்துவது. சுருள்வில் அடங்கிய உருளையை ஒரு கூம்பு வடிவக் கப்பியுடன் நரம்புக் கயிற்றால் இணைத்தனர். வில் முழுதும் முறுக்கியிருக்கும்போது கயிறு கூம்பின் மெலிந்த முனையைப் பற்றி இழுக்கும். வில் தளர்ந்தபின் பருத்த அடிப்பகுதியைப் பற்றி இழுக்கும். சுழலும் அச்சிலிருந்து தள்ளிப் பிடித்து இழுத்தால் குறைந்த விசையே போதுமல்லவா? அதே தத்துவம்தான். விசை குறையும்போது ஆரம் கூடுவதால் திருப்புத்திறன் ஏறத்தாழ மாறாமலிருக்கும்.

பின்னர் நரம்புக் கயிற்றின் இடத்தில் மிக நுண்ணிய சங்கிலி வந்தது. இச்சங்கிலிகளைச் செய்வது இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஒரு பெருந்தொழிலாக நடைபெற்றது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத கண்ணிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே. செல்வர்களின் சட்டைப்பையில் காலம் சீராக ஓடுவதற்கு அவர்களுடைய கண்கள் விலையாயின.

ஊஞ்சல் கற்பித்த பாடம்

விசையைச் சமப்படுத்துவது ஒரு வழி. விசை மாறினாலும் காலம் மாறாதபடி செய்வது மற்றொரு வழி. இரண்டாவதே அறிவியலின் வழி.

ஊஞ்சலில் ஆடியிருப்பீர்கள். சற்றே மெல்லத் தள்ளினாலும் சற்றே ஓங்கித் தள்ளினாலும், ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வீச்சு கூடினால் வேகமும் கூடுவதால் நேரம் அப்படியே இருந்துவிடுகிறது. ஊசலின் இந்தப் பண்பை ஆராய்ந்தவர் கலிலியோ. அதைக் கடிகாரத்தில் வெற்றிகரமாகப் பொருத்தியவர் ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஆண்டு 1656. ஆனால் ஊசலைத் திரும்ப இழுப்பது புவியீர்ப்பு. அதனால் ஊசல் கடிகாரம் நிமிர்ந்து, அசையாமல் நிற்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அதன் கதி என்ன?

புவியீர்ப்புக்குப் பதிலாக வேறொன்று திரும்ப இழுத்தால் எப்படி இருக்கும்? 1675ஆம் ஆண்டு ஹைகன்ஸ் இதற்கு விடை கண்டார். சமநிலைச் சக்கரம் ஒன்றின் அச்சில் மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லின் உள்முனையைப் பொருத்தினார்; வெளிமுனையைச் சட்டத்தில் நிலைநிறுத்தினார். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் இன்றும் 'ஹேர்ஸ்பிரிங்' என்று அழைப்பது இந்த மயிர்ச்சுருளைத்தான். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் மயிர்ச்சுருள் அதை நடுநிலைக்கு இழுக்கும். எவ்வளவு கோணம் திருப்புகிறோமோ அந்த அளவுக்கு இழுப்பும் கூடும். இத்தகைய அமைப்பில் அலைவு நேரம் இரண்டே அளவுகளைச் சார்ந்தது: சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், மயிர்ச்சுருளின் விறைப்பு. எவ்வளவு பலமாகத் தள்ளப்பட்டது என்பது அந்தக் கணக்கில் இடம் பெறுவதே இல்லை.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஒரு கடிகாரத்தில் இரண்டு சுருள்வில்கள் உள்ளன. பெரியது ஆற்றலைத் தருகிறது. சிறியது காலத்தைக் காக்கிறது. பெரியதன் இழுப்பு நாள் முழுதும் மாறிக்கொண்டேயிருக்கிறது. ஆனால் சிறியது அம்மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆற்றலையும் அளவையும் வெவ்வேறாகப் பிரித்ததே ஹைகன்ஸின் வெற்றி. பிழை நாளொன்றுக்குச் சில நிமிடங்களாகக் குறைந்தது. அதன் பின்னரே நிமிட முள் பரவலாக வழக்கத்திற்கு வந்தது.

யாருடைய எண்ணம்?

இச்செய்தி இலண்டனை எட்டியதும் ஒருவர் கொதித்தெழுந்தார். அவர்தான் ராபர்ட் ஹூக். வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடநூலில் நாம் படிக்கும் விதிக்கு உரியவர். கடிகாரத்தில் வில்லைப் பயன்படுத்தும் எண்ணம் தமக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது என்பது அவர் வாதம். 1660களில் அதற்குக் காப்புரிமை பெற முயன்று, உடன்படிக்கையின் விதிகள் பிடிக்காமல் விலகியிருந்தார். இப்போது தாமஸ் டாம்பியன் என்னும் தலைசிறந்த கைவினைஞரைக் கொண்டு அவசரமாகக் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அளித்தார். 1658இலேயே ஹூக் கண்டுபிடித்தார் என்று அதன்மேல் பொறித்தும் வைத்தார்.

தம் விதியையும் ஹூக் இதே காலத்தில்தான் வெளியிட்டார். 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார்; புதிரின் விடையை 1678இல் வெளியிட்டார். பிறர் கவர்ந்துகொள்வர் என்ற அச்சம் அவரை எந்த அளவுக்கு ஆட்டி வைத்தது என்பதை இதிலிருந்து உணரலாம். அவர் முதலில் எண்ணியது மயிர்ச்சுருளைத்தானா, வேறு வகை வில்லா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்த கருத்தினர் அல்லர். ஆனால் ஒன்று உறுதி. எண்ணம் தோன்றுவது ஒன்று. அதை வெளியிட்டுப் பிறர் சோதிக்க வைப்பது மற்றொன்று. ஹூக் மறைத்து வைத்தார். ஹைகன்ஸ் 1675இலேயே ஓர் ஆய்விதழில் படத்துடன் வெளியிட்டார்.

கல், கவை, உலோகம்

ஹைகன்ஸுக்குப் பின் எஞ்சிய தடைகள் மூன்று: உராய்வு, தள்ளும் முறை, வெப்பம்.

பழைய கடிகாரத்தின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விலையுயர்ந்த மணிகள் உள்ளே இருப்பதாக எண்ணி யாரும் மகிழ வேண்டாம். அவை துளையிட்ட சிறு மாணிக்கக் கற்கள்; 20ஆம் நூற்றாண்டில் அவை செயற்கையாகவே செய்யப்பட்டன. எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழன்றால் தேய்மானம் மிகும். கடினமான, வழவழப்பான கல்லில் சுழன்றால் மிகக் குறையும். 1704இல் நிக்கோலஸ் பாத்தியோ என்னும் சுவிஸ் கணித அறிஞரும் இலண்டனில் வாழ்ந்த டெபோபிரே சகோதரர்களும் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 17 என்ற கணக்கும் எளிதே. சமநிலைச் சக்கரத்திற்கு 5. கவைக்கோலின் இரு நுனிகளுக்கு 2. கவைக்கோல், மூன்று சக்கரங்கள், மையச் சக்கரம் ஆகிய ஐந்தின் அச்சுகளுக்கு இருமுனையிலும் ஒவ்வொன்றாக 10.

கவைக்கோல் என்பது என்ன? சமநிலைச் சக்கரம் தானே ஆடிக்கொண்டேயிருக்காது, உராய்வால் ஓய்ந்துவிடும். ஊஞ்சலில் உள்ள குழந்தையைத் தாய் உரிய நேரத்தில் மெல்லத் தள்ளுவதுபோல, ஒவ்வொரு முறையும் அதற்குச் சிறு தள்ளுதல் தேவை. தள்ளியபின் கையை எடுத்துவிட வேண்டும்; பிடித்துக்கொண்டிருந்தால் அலைவு கெடும். 1755ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் அமைத்த நெம்புகோல் முறை இதைத்தான் செய்கிறது. கவை வடிவான கோல், பற்சக்கரத்தின் ஒரு பல்லை விடுவித்து, சக்கரத்தை ஒருமுறை தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் 'டிக் டிக்' ஒலி, அந்தக் கோலின் கற்கள் பற்களைத் தடுத்து நிறுத்தும் ஒலியே.

மூன்றாவது தடை வெப்பம். எஃகு மயிர்ச்சுருள் வெப்பத்தால் விறைப்புக் குறையும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கடிகாரம் நாளுக்குச் சுமார் 10 வினாடி பிந்தும். 30 டிகிரி வேறுபட்டால் ஐந்து நிமிடம்! கடலில் இது உயிர்ப்பிரச்சினை. கப்பலின் தீர்க்கரேகையைக் காண உற்ற வழி, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைத் தவறாமல் கூறும் கடிகாரம். நான்கு வினாடி பிழைபட்டால் நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தவறும். 1714இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தது. தச்சராக வாழ்வைத் தொடங்கிய ஜான் ஹாரிசன் அதற்காக வாழ்நாள் முழுவதும் உழைத்து, 1759இல் தமது நான்காம் கடிகாரத்தை முடித்தார். வெப்பமாற்றத்தை ஈடுசெய்ய இரு உலோகங்களை ஒட்டிய பட்டையைப் பயன்படுத்தினார். 1761இல் ஜமைக்காவுக்குச் சென்ற கப்பலில், 81 நாளில் அது சுமார் 5 வினாடியே பிந்தியது. அதுவும் நாள்தோறும் கையால் சாவி கொடுத்த கடிகாரமே.

வெப்பத்திற்கு இறுதி விடை உலோகவியலிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஷார்ல் எடுவார் கீயோம், 1896இல் வெப்பத்தால் பெரும்பாலும் விரிவடையாத நிக்கல்-எஃகுக் கலவையைக் கண்டறிந்தார். இன்வார் என்பது அதன் பெயர். பின்னர் விறைப்பு மாறாத எலின்வார் என்னும் கலவையையும் உருவாக்கினார். அது மயிர்ச்சுருளுக்கு உகந்ததாயிற்று. 1920ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஒரு சிறு கணக்கு

இனி, உங்கள் மணிக்கட்டில் உள்ள சாதனம் செய்யும் வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை வினாடிக்கு 5 முறை ஒலிக்கும். ஹாரிசனின் நான்காம் கடிகாரமும் வினாடிக்கு ஐந்தே. ஒரு நாளுக்கு 4,32,000. ஓராண்டுக்கு 15 கோடிக்கும் மேல். இத்தனைக்கும் ஆகும் ஆற்றல் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஒரு ஜூல் ஆற்றல் வேண்டும். முழுதும் முறுக்கிய கைக்கடிகார வில்லில் இருப்பது அதைவிடக் குறைவு. அதைக்கொண்டு ஒன்றரை நாள் ஓடிவிடுகிறது!

நாளொன்றுக்கு 30 வினாடி முந்தும் கடிகாரத்தைச் சரியில்லாதது என்கிறோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். அப்படியானால் பிழை 2,880இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவை அளந்து 35 சென்டிமீட்டர் மட்டும் தவறியதற்கு ஒப்பாகும்.

தோல்வியும் அதன் விலையும்

1969 டிசம்பர் 25 அன்று, ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாதத்திற்கு ஐந்து வினாடிக்குள்தான் பிழை. எவ்வளவு தேர்ந்த சாவிக் கடிகாரமும் இதற்கு ஈடாகாது. விலை முதலில் மிக அதிகம். சில ஆண்டுகளிலேயே சரிந்தது. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் 30,000 பேர் அளவுக்குச் சுருங்கியது.

நம் நாட்டிலும் இதே கதைதான். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் ஜனதா என்னும் 17 கல் கடிகாரம் சாவி கொடுக்கும் வகை. தேர்வில் தேறியதற்கும், வேலை கிடைத்ததற்கும், திருமணத்திற்கும் பரிசாக எத்தனையோ வீடுகளுக்குள் அது நுழைந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தயாரிக்க முற்பட்டது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

குவார்ட்ஸ் மீது நமக்குக் கோபம் வேண்டியதில்லை. அதனுள் இருப்பதும் அலைவுதான். இசைக்கவை வடிவில் வெட்டிய படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைத் திரும்ப இழுப்பதும் படிகத்தின் மீள்திறனே; ஹூக்கின் விதி அங்கும் ஆட்சி செய்கிறது. ஒரே வேறுபாடு, அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது.

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் கவர்ச்சி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைமையின் மேல் உள்ள பற்று மட்டும் அதற்குக் காரணமன்று. விரலில் தொடங்கி, வில், பற்சக்கரங்கள், கவைக்கோல், மயிர்ச்சுருள், முள் என்று காரணமும் காரியமும் ஒரு கண்ணியும் விடுபடாமல் நம் கண்முன் நிற்கின்றன. நாம் அன்றாடம் கையாளும் சாதனங்களில் எத்தனையை இப்படித் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது? இயந்திரக் கடிகாரக் கைவினையை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அந்த மரபு அரும்பொருட்காட்சியோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கும் வர வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டுப் பெட்டியில் பழைய சாவிக் கடிகாரம் ஏதேனும் கிடந்தால் எடுங்கள். ஓடாவிட்டால், எண்ணெய் காய்ந்திருக்கலாம். உங்கள் ஊரில் பழுது பார்ப்பவரிடம் காட்டித் துடைத்து எண்ணெய் இடச் சொல்லுங்கள். திருகு நிற்கும் வரை மெல்ல முறுக்குங்கள். நின்றபின் வலிந்து திருப்ப வேண்டாம்.

முதலில், அதன் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, வினாடிக்கு எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவதாக, ஒரு வாரம் இரவில் முகப்பு மேல்நோக்க வையுங்கள்; அடுத்த வாரம் திருகு கீழ்நோக்க நிறுத்தி வையுங்கள். நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் சரியான நேரத்துடன் ஒப்பிட்டு எழுதுங்கள். சமநிலைச் சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒத்திராவிட்டால், நிறுத்தி வைத்தபோது புவியீர்ப்பு தன் வேலையைக் காட்டும். மூன்றாவதாக, ஒருநாள் சாவி கொடுக்காமல் விட்டு, கடைசிச் சில மணி நேரத்தில் அது முந்துகிறதா பிந்துகிறதா என்று பாருங்கள். வில்லின் தளர்ச்சியை மயிர்ச்சுருள் எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பது அப்போது தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கச் சொல்வதன் காரணமும் விளங்கும்.

பாட்டரி எங்கே என்று கேட்ட அந்த மாணவர், இரண்டு மாதம் கழித்துத் தம் தாத்தாவின் கடிகாரத்துடன் வந்தார். முகப்பு மேல்நோக்கினால் நாளுக்கு 20 வினாடி முந்துகிறது, திருகு கீழ்நோக்கினால் 15 வினாடி பிந்துகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் 14 நாள் கணக்கு எழுதியிருந்தார். அப்படியானால் இரவில் எப்போது எந்த நிலையில் வைத்தால் பிழை தீரும் என்று அவரே கணக்கிட்டு வைத்திருந்தார். அவர் கணக்கு சரி.